வரவேற்பறையில் அழுகிய மணி பிளான்ட்: ஒரு நிகழ்வு ஆய்வு

மணி பிளான்ட் லேசில் சாகாது. தண்ணீர் ஊற்ற மறந்தாலும் பொறுத்துக்கொள்ளும். ஒரு கணுவோடு கிள்ளிக் கண்ணாடிப் பாட்டிலில் போட்டாலே வேர் விட்டுவிடும். அப்பேர்ப்பட்ட கொடி, செடிகள் மீது உண்மையான பிரியம் உள்ள ஒருவரின் வீட்டில், ஒரு நாளும் கவனிப்புத் தவறாத நிலையில், நான்கைந்து மாதங்களுக்குள் பாதிக்கு மேற்பட்ட இலைகளை உதிர்த்துவிட்டு வேர் அழுகி நின்றது. அது ஏன் நேர்ந்தது, என்ன செய்தபின் மீண்டது என்பதை இங்கே பதிவு செய்கிறேன். "தண்ணீர் அதிகமாகிவிட்டது" என்று ஒரே வரியில் முடித்துவிடக்கூடிய நிகழ்வு இது. அக்கம்பக்கத்தார் அப்படித்தான் முடித்தார்கள். ஆனால் கொடி நோயுற்ற காலம் முழுவதும் அதற்கு ஊற்றப்பட்டது, அது செழித்திருந்த காலத்தில் ஊற்றிய அதே அளவுத் தண்ணீர்தான். மாறியது வேறொன்று.

கொடி வந்த வழி

கொடிக்குச் சொந்தக்காரர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. கும்பகோணத்துக்கு அருகில் அவருடைய பிறந்த வீட்டுக் கொல்லையில் ஒரு தென்னை மரத்தைப் பற்றிக்கொண்டு மணி பிளான்ட் ஏறியிருக்கிறது. அதன் படத்தைக் கைப்பேசியில் காட்டினார். மரத்தடியில் உள்ளங்கை அளவு இலைகள். ஆளுயரத்துக்கு மேலே போகப் போக இலைகள் விரிந்து, உச்சியில் முறத்தளவுக்கு அகன்று, ஓரங்களில் ஆழமான பிளவுகளோடு தொங்குகின்றன. பார்ப்பவர்கள் இரண்டும் ஒரே கொடி என்று நம்பமாட்டார்கள்.

அந்தக் கொடியிலிருந்து வெட்டி வந்த துண்டுதான் சென்னை மடிப்பாக்கத்தில் இரண்டாம் மாடிக் குடியிருப்பின் பால்கனியில் வளர்ந்தது. கிழக்குப் பார்த்த பால்கனி. காலை வெயில் கம்பிகளின் வழியே சற்று நேரம் படும். பிறகு நாள் முழுவதும் நல்ல வெளிச்சம். பிளாஸ்டிக் தொட்டி, செம்மண்ணும் தொழு உரமும் கலந்த மண். காலையில் வாசல் தெளித்ததும் ஒரு செம்புத் தண்ணீர். கொடி கம்பிகளில் படர்ந்து நன்றாகவே இருந்தது.

தீபாவளிக்கு முன்பு வீட்டுக்கு வண்ணம் அடிக்க ஆட்கள் வந்தபோது தொட்டி வரவேற்பறைக்குள் வந்தது. தொலைக்காட்சிக்குப் பக்கத்து அலமாரியில் வைத்துக் கொடியைக் கீழே தொங்கவிட்டதும் அறையின் அழகே கூடிவிட்டது. வேலை முடிந்த பின்னும் கொடி திரும்பிப் போகவில்லை. அலமாரி நனையக் கூடாது என்பதற்காகத் தொட்டியை அடியில் துளை இல்லாத ஒரு பீங்கான் தொட்டிக்குள் இறக்கி வைத்தார்கள். காலைச் செம்புத் தண்ணீர் மட்டும் தவறவில்லை.

அறிகுறிகள்

முதலில் தென்பட்ட அறிகுறியை ஆசிரியை நல்ல சகுனமாகவே எடுத்துக்கொண்டார். காலையில் இலை நுனிகளில் தெளிந்த நீர்த்துளிகள் நின்றன. மண்ணில் ஈரம் மிகுந்து, இலைகள் வழியே ஆவியாதல் குறைந்திருக்கும்போது, வேரின் அழுத்தம் நீரை நுனித் துளைகள் வழியாக வெளியே தள்ளும். எப்போதாவது நிகழ்ந்தால் கவலை இல்லை. தினமும் நிகழ்ந்தால், குடிக்கும் அளவைவிட அதிகமாகக் கொடி பெறுகிறது என்று பொருள்.

அடுத்து, அடி இலைகள் ஒவ்வொன்றாக மஞ்சளாகி உதிர்ந்தன. புதிய இலைகள் முந்தையவற்றைவிடச் சிறியவையாக வந்தன. கணுவுக்கும் கணுவுக்கும் இடையே தண்டு நீண்டு மெலிந்தது. இலைகளில் இருந்த பொன்னிற வரிகள் மங்கி வெறும் பச்சையாயின. மார்கழியில் சில இலைகளில் பழுப்புத் திட்டுகள், சுற்றிலும் மஞ்சள் வளையம். மண்ணைத் தொட்டால் பொடிப்பொடியான கறுப்பு ஈக்கள் எழுந்தன. தை பிறந்தபோது கொடி முழுவதும் துவண்டது.

துவண்ட கொடியைப் பார்த்தால் யாருக்கும் தாகம் என்றுதான் தோன்றும். மாலையிலும் கொஞ்சம் தண்ணீர் தெளிக்கலாம் என்று எண்ணியிருந்த நேரத்தில் என்னை அழைத்தார். அதற்குள் சத்துக் குறைவாக இருக்குமோ என்று தேயிலைச் சக்கையும் ஒரு பிடி உரமும் போட்டிருந்தார்.

"ஊரில் அந்தக் கொடிக்கு யாருமே தண்ணீர் ஊற்றியதில்லை தம்பி. இங்கே தினமும் பார்த்துப் பார்த்துச் செய்கிறேன். அப்படியிருந்தும் இது ஏன் இப்படி ஆகிறது?" என்று கேட்டார். அவர் கேட்ட கேள்வியிலேயே பாதி விடை இருந்தது.

பரிசோதனை

பீங்கான் தொட்டியிலிருந்து உள்தொட்டியைத் தூக்கியதும் அடியில் மூன்று விரற்கடை உயரத்துக்குக் கலங்கிய நீர் தேங்கியிருந்தது. சாக்கடை வாடை அடித்தது. கொடியை மண்ணோடு கவிழ்த்து எடுத்துப் பார்த்தேன். நலமான மணி பிளான்ட் வேர் வெளிர் நிறத்தில் விறைப்பாக இருக்கும். இங்கே அடிப்பாதி வேர்கள் பழுப்பும் கறுப்புமாகக் குழைந்திருந்தன. ஒரு வேரை இரு விரலால் பிடித்து மெல்ல இழுத்தபோது மேல் உறை கையோடு வந்துவிட, உள்ளே நூல் போன்ற நரம்பு மட்டும் மிஞ்சியது. வேரழுகலை உறுதிசெய்ய வீட்டில் இதைவிடத் தெளிவான சோதனை இல்லை. ஈர மண்ணில் நின்றுகொண்டே இலை துவண்டால், மேலும் தண்ணீர் ஊற்றும் முன் இந்த ஒரு சோதனையைச் செய்துவிடுங்கள்.

பிற காரணங்களையும் பார்த்தேன். இலைக் காம்புகளின் இடுக்கில் மாவுப்பூச்சி இல்லை. இலையின் அடிப்பக்கம் சிலந்திப்பேன் வலையும் இல்லை. தழைச்சத்துக் குறைந்தாலும் அடி இலைகள்தாம் முதலில் மஞ்சளாகும். ஆனால் பழுப்புத் திட்டு வராது, வேரும் குழையாது. தொட்டியின் விளிம்பில் வெள்ளையாக உப்புப் படிந்திருந்ததைக் குறித்துக்கொண்டேன். அங்கே ஆழ்துளைக் கிணற்று நீர்தான். அதிலுள்ள உப்பும், போட்ட உரத்தின் உப்பும் வடிய வழியின்றித் தங்கிவிட்டன. சில இலைகளின் நுனி கருகியதற்கு அதுவே காரணமாக இருக்கக்கூடும். அது துணைக் காரணம் மட்டுமே.

கடைசியாக, கைப்பேசிச் செயலியால் வெளிச்சத்தை அளந்தேன். மேகமில்லாத காலையில் பால்கனியில் கொடி இருந்த இடத்தில் 3,000 லக்ஸுக்கும் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) மேல் காட்டியது. அலமாரியில் 100 லக்ஸைக்கூடத் தொடவில்லை. இத்தகைய செயலிகள் துல்லியமானவை அல்ல. ஆனால் முப்பது மடங்கு வித்தியாசத்தைக் காட்ட அவை போதும். ஆசிரியை அதை ஏற்கவே தயங்கினார். "இங்கே நன்றாகத்தானே இருக்கிறது, நான் இங்கே உட்கார்ந்துதானே செய்தித்தாள் படிக்கிறேன்?" என்றார். அவர் சொன்னது உண்மை. நம் கண்மணி இருட்டுக்குத் தகுந்தாற்போல விரிந்துகொள்ளும், விழித்திரையும் தன் உணர்திறனைக் கூட்டிக்கொள்ளும். அதனால் பட்டப்பகல் வெயிலின் ஒரு லட்சம் லக்ஸும் அறைக்குள் இருக்கும் நூறு லக்ஸும் நமக்கு இரண்டுமே 'வெளிச்சம்'தான். இலைக்கு அந்த வசதி கிடையாது. கருவி இல்லாதவர்கள் பகலில் செடிக்கு ஒரு சாண் மேலே கையை நீட்டிப் பாருங்கள்: நிழலின் ஓரம் தெரிந்தால் கொடி வளரும், நிழலே விழாவிட்டால் நாளடைவில் தேயும்.

என்ன நடந்தது

இலை வெளிச்சத்தை வைத்துத்தான் உணவு தயாரிக்கிறது. அப்போது இலைத்துளைகள் திறந்திருக்கும். அவற்றின் வழியே நீர் ஆவியாகும். அந்த இழுப்பில் வேர் மண்ணிலிருந்து நீரை உறிஞ்சும். வெளிச்சம் குறைந்ததும் இந்தச் சங்கிலி முழுவதும் மெதுவாகிவிடுகிறது. பால்கனியில் வெளிச்சமும் காற்றும் சேர்ந்து மறுநாள் காலைக்குள் மண்ணை உலர்த்திய ஒரு செம்புத் தண்ணீர், அலமாரியில் பல நாட்கள் அப்படியே நின்றது. போதாததற்கு அது ஐப்பசியும் கார்த்திகையும். வடகிழக்குப் பருவமழை, மேகமூட்டம், காற்றில் ஈரம். நேற்றைய ஈரம் காய்வதற்குள் இன்றைய செம்பு வந்துவிடும். பீங்கான் தொட்டி வடிகாலையும் அடைத்துவிட்டது.

வேரும் சுவாசிக்க வேண்டும். மண்துகள்களுக்கு இடையிலுள்ள காற்றறைகள்தாம் அதற்கு ஆக்ஸிஜன் கொடுப்பவை. அவை நீரால் நிரம்பிவிட்டால், காற்றில் பரவுவதைவிடச் சுமார் 10,000 மடங்கு மெதுவாகத்தான் ஆக்ஸிஜன் வேரை எட்டும். மூச்சுத் திணறிய வேரின் செல்கள் மடியத் தொடங்கும். ஈர மண்ணில் காத்திருக்கும் பித்தியம், பைட்டோப்தோரா போன்ற நுண்ணுயிரிகள் அங்கே நுழையும். வேர் செத்தபின் மண்ணில் எவ்வளவு நீர் இருந்தாலும் இலைக்குப் போய்ச் சேராது. அதனால்தான் தண்ணீரில் நின்றுகொண்டே கொடி துவண்டது.

இங்கே ஆசிரியை ஒரு நல்ல கேள்வி கேட்டார்: "பாட்டில் தண்ணீரில் வருடக்கணக்காக இருக்கிறதே, அந்த வேர் ஏன் அழுகவில்லை?" நீரிலேயே பிறக்கும் வேரின் அமைப்பு வேறு. அதன் திசுக்களுக்குள் காற்று செல்லும் இடைவெளிகள் உருவாகும். பாட்டில் நீரில் அழுகும் கரிமப் பொருள் அதிகம் இல்லை. மாற்றும்போதெல்லாம் புதிதாக ஆக்ஸிஜனும் சேரும். தொட்டி மண்ணின் கதை வேறு. அதிலுள்ள தொழு உரத்தையும் தேயிலைச் சக்கையையும் மட்கச் செய்யும் கோடிக்கணக்கான நுண்ணுயிரிகள், இருக்கும் கொஞ்சநஞ்ச ஆக்ஸிஜனையும் எடுத்துக்கொள்கின்றன. மண்ணில் பிறந்த வேரோ அதற்குத் தயாராக இல்லை. அந்தக் கறுப்பு ஈக்களும் அந்தச் சக்கையை நம்பி வந்தவைதான். அவற்றின் புழுக்கள் ஈரமான மேல்மண்ணில்தான் வாழும்.

தொட்டியின் அடியில் கூழாங்கல் போட்டால் நீர் வடிந்துவிடும் என்று பலரும் நம்புகிறார்கள். துளை இல்லாத தொட்டியில் அது உதவாது. பொடி மண், தான் நிறைந்து ததும்பும்வரை பெரிய கற்களுக்கு நீரை விட்டுக்கொடுக்காது. கல் அடுக்கு இருந்தால் ஈரம் தேங்கும் மட்டம் இன்னும் மேலே, வேருக்கு நெருக்கமாக வந்துவிடும். துளையின் மேல் ஓர் ஓட்டுச் சில்லு வைத்தால் போதும்.

ஆக, என் முடிவு இது: நோய் வேரில், ஆனால் காரணம் இருட்டு. நீரை மட்டும் குறைத்திருந்தால் அழுகல் நின்றிருக்கும். கொடி அதே அலமாரியில் மெலிந்து மெலிந்து வெறும் நாராகியிருக்கும்.

சிகிச்சை

மாசி மாதம் இதற்கு வாய்ப்பான நேரம். குளிர் விலகி, கடும் வெயிலும் தொடங்காமல் இருக்கும். ஸ்பிரிட்டில் துடைத்த கத்தியால் தண்டை அடியிலிருந்து மேல்நோக்கிச் சிறிது சிறிதாக வெட்டிக்கொண்டே போனேன். வெட்டுமுகத்தில் பழுப்பு வளையம் தெரிந்தவரை கழிவு. முழுப் பச்சையாகத் தெரிந்த இடத்திலிருந்துதான் துண்டுகள் எடுத்தேன். ஒவ்வொரு துண்டிலும் குறைந்தது ஒரு கணு, அதில் பழுப்பு மொட்டுப் போன்ற காற்றுவேர், ஓர் இலை. கணு இல்லாத தண்டும் வெறும் இலைக் காம்பும் நீரில் வேர் விடலாம். புதுத் தளிர் ஒருபோதும் வராது. இந்த ஒரு விஷயம் தெரியாமல் மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் பலர்.

பழைய மண்ணை முழுவதுமாக அகற்றச் சொன்னேன். புதிய கலவையில் செம்மண், தென்னை நார்க்கழிவு, ஆற்றுமணலுக்குப் பதிலாகப் பெர்லைட் (மண்ணில் காற்றுக்கு இடம்விடும் எடை குறைந்த வெள்ளைக் குருணை), கொஞ்சம் மண்புழு உரம். பொள்ளாச்சிப் பக்கமிருந்து வரும் நார்க்கழிவுக் கட்டிகளில் சிலவற்றில் உப்பு மிகுதி. ஊறவைத்துப் பிழிந்து, இரண்டு மூன்று முறை நீர் மாற்றிக் கழுவிய பிறகே பயன்படுத்த வேண்டும். தொட்டி மண்தொட்டி, அதுவும் சிறியது. வேர் குறைவாக உள்ள கொடிக்குப் பெரிய தொட்டி கொடுத்தால் வேர் எட்டாத மண் ஈரமாகவே கிடக்கும்.

துண்டுகளில் பாதியைக் கண்ணாடிக் குவளை நீரிலும் மீதியை நேரடியாகக் கலவையிலும் வைத்தோம். நீரில் வைத்தவற்றில் மூன்று வாரங்களில் விரல் நீள வேர்கள் வந்தன. ஒரு துண்டு மட்டும் வெட்டுமுகத்தில் கொழகொழத்து வீணானது. அதை உடனே எடுத்துவிட்டதால் மற்றவை தப்பின. நீரில் வேர்விட்டவை மண்ணுக்கு மாறியபோது சில வாரங்கள் அசையாமல் நின்றன. நீர் வேர்கள் மண்ணுக்குப் பழக, புது வேர்கள் விட வேண்டியிருக்கிறது. நேரடியாகக் கலவையில் வைத்தவை அதற்குள் முந்திக்கொண்டன. அவசரமில்லாதவர்களுக்கு நான் நேரடி முறையையே பரிந்துரைப்பேன்.

சென்னையில் குவளை நீர் இன்னொரு காரணத்துக்காகவும் கவனிக்கப்பட வேண்டியது. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு, வீட்டுக்குள் தேங்கிய தெளிந்த நீரைத்தான் தேடி வரும். முட்டை கொசுவாக ஒரு வாரம் முதல் பத்து நாட்கள் போதும். ஆகவே வாரம் ஒரு முறையாவது நீரைக் கொட்டி, குவளையின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். முட்டைகள் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும், நீரை மட்டும் மாற்றினால் போகாது.

தொட்டிகளின் இடம் கிழக்கு ஜன்னலை ஒட்டி, அறைக்குள், ஒரு முழத் தொலைவில். தண்ணீருக்குக் கிழமைக் கணக்கும் இல்லை, செம்புக் கணக்கும் இல்லை. ஆள்காட்டி விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும், துளை வழியே வழியும்வரை ஊற்றி, தட்டில் நின்ற நீரைக் கொட்டிவிட வேண்டும். வழிய ஊற்றுவதால் படிந்த உப்பும் கழுவிக்கொண்டு போகும். காலையில் செம்பைத் தூக்கும் பழக்கத்தை விடுவது ஆசிரியைக்கு எளிதாக இல்லை. முதல் வாரங்களில் விரலை மண்ணில் விட்டுவிட்டுத் தொலைபேசியில் என்னைக் கேட்டுக்கொள்வார்.

ஏற்றமும் தொங்கலும்

ஒரு தொட்டியை மட்டும் வேறு விதமாக வளர்க்கலாம் என்றேன். பிளாஸ்டிக் குழாய் ஒன்றின் மேல் தென்னங்கயிற்றை நெருக்கமாகச் சுற்றி, தொட்டியின் நடுவில் ஊன்றி, கொடியின் கணுக்கள் கயிற்றில் படும்படி துணி நாடாவால் தளர்வாகக் கட்டினோம். கயிற்றுக்குத் தினமும் கொஞ்சம் நீர் தெளிப்பது, செடிக்குத் தினமும் ஏதாவது செய்தே ஆகவேண்டும் என்ற அவருடைய மனதுக்கும் ஏற்ற வேலையாக அமைந்தது. இன்னொரு தொட்டியை அதே ஜன்னலின் மேல்கொக்கியில் தொங்கவிட்டோம். ஒரே தாய்க்கொடி, ஒரே மண், ஏறக்குறைய ஒரே வெளிச்சம்.

ஆடி மாதத்துக்குள் வித்தியாசம் கண்ணுக்குத் தெரிந்தது. கம்பத்தில் காற்றுவேர்கள் நார்க்கயிற்றுக்குள் புகுந்து பிடித்துக்கொண்டன. அதன்பின் வந்த ஒவ்வோர் இலையும் முந்தையதைவிடப் பெரிது. பொன்னிற வரிகளும் திரும்பின. தொங்கிய கொடி நலமாகவே நீண்டது. ஆனால் இலைகள் சிறுத்தே வந்தன.

இது இந்தக் கொடியின் பிறவிக்குணம். பசிபிக் கடலில் பிரெஞ்சு பாலினேசியாவின் மூரேயா தீவு இதன் தாயகம். காட்டில் தரையில் ஊர்ந்து திரியும்போது சிறிய இலைகளை மட்டும் விட்டு, ஏற ஒரு மரத்தைத் தேடும். மரம் அகப்பட்டு மேலே ஏறத் தொடங்கினால் 20 மீட்டர் வரையிலும் போகும். முதிர்ந்த இலை ஒரு மீட்டர் நீளமும் 45 சென்டிமீட்டர் அகலமும் எட்டக்கூடியது. கும்பகோணத் தென்னையில் யாரும் நீர் ஊற்றாமல் அது செழித்ததற்கும் இதுவே காரணம்: பற்ற ஒரு மரம், மட்டைகளுக்கு இடையே சிதறி விழும் வெளிச்சம், நீர் தேங்காத கொல்லை மண், காவிரிப் பகுதியின் ஈரக்காற்று. வீட்டுக்குள் ஆறடிக் கம்பத்தில் பிளவுபட்ட இலை வருமென்று நான் யாருக்கும் உறுதி கொடுப்பதில்லை. ஆனால் உள்ளங்கையைவிடப் பெரிய, பளபளப்பான இலை நிச்சயம் வரும்.

பூ வருமா என்று கேட்பவர்களும் உண்டு. வராது. பூக்கத் தேவையான ஜிப்பரெல்லின் என்ற ஹார்மோனை இந்தக் கொடியால் போதிய அளவு உருவாக்க முடிவதில்லை என்று 2016-ல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. ஆகவே விதையும் இல்லை. நம் தெருவில் உள்ள மணி பிளான்ட்கள் எல்லாம் யாரோ ஒருவர் வீட்டிலிருந்து கிள்ளி வந்த துண்டுகளே. பிறர் வீட்டிலிருந்து தெரியாமல் எடுத்து வந்தால்தான் செல்வம் பெருகும் என்ற நம்பிக்கையும் இந்தப் பரவலுக்குத் துணைசெய்திருக்கிறது.

எச்சரிக்கை வேண்டிய இடங்கள்

இலையிலும் தண்டிலும் கால்சியம் ஆக்சலேட் ஊசிப் படிகங்கள் உள்ளன. கடித்தால் வாயும் நாக்கும் எரிந்து வீங்கும். ஆசிரியையின் பேத்தி தவழும் வயது. வீட்டில் பூனையும் உண்டு. அதனால் தொங்கும் தொட்டியின் கொடி, பூனை தாவினாலும் எட்டாத உயரத்திலேயே வெட்டி நிறுத்தப்படுகிறது. வெட்டும்போது கையுறை அணிவது நல்லது.

மணி பிளான்ட் வீட்டுக் காற்றைச் சுத்தம் செய்யும் என்று நர்சரிகளில் எழுதி வைத்திருப்பார்கள். 1989-ல் நாசா வெளியிட்ட ஆய்வே அதற்கு மூலம். அது மூடிய சிறு பெட்டிக்குள் செய்யப்பட்ட சோதனை. அதையும் அதன்பின் வந்தவற்றையும் 2019-ல் சேர்த்துப் பரிசீலித்தவர்கள், வீட்டில் இயல்பாக நடக்கும் காற்றோட்டத்துக்கு ஈடாக ஒரு சதுர மீட்டருக்குப் பத்திலிருந்து ஆயிரம் செடிகள் தேவைப்படும் என்று கணக்கிட்டார்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள். காற்றுக்கும் நல்லது, கொடிக்கும் நல்லது.

கம்பத்துக் கொடி இப்போது குழாயின் உச்சியைத் தொட்டுவிட்டது. அடுத்த மாசியில் உச்சியிலிருந்து நான்கு கணுக்களை வெட்டி அதே தொட்டியின் அடியில் நடுவதாகத் திட்டம். அப்போதுதான் கீழ்ப்பாகம் வெறும் தண்டாகத் தெரியாது. வெட்டிய இடத்துக்குக் கீழுள்ள கணுவும் புதுத் தளிர் விடும். மிஞ்சும் துண்டுகளை வேண்டியவர்களுக்குக் கொடுக்கலாம், அல்லது வெயிலில் நன்றாக உலர்த்திக் குப்பையில் போடலாம். பூங்காவிலோ ஏரிக்கரையிலோ வாய்க்காலிலோ வீசக் கூடாது என்று ஆசிரியையிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். இலங்கையில் கண்டி நகரின் உடவத்தகலைக் காட்டுச் சரணாலயத்தில் இருபது ஏக்கருக்கும் மேலான நிலத்தை இந்தக் கொடி மூடிக்கிடக்கிறது. அங்கே தரையில் வேறு எந்த நாற்றும் தலைதூக்க முடிவதில்லை.